கடிக்காத முறுக்கு

தாராவியில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் முறுக்குப் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கே வேலை. எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. ஆனால் முதலாளி என்னை விடாமல் வைத்திருந்தது சட்டிக்காக இல்லை. சட்டி முன்னால் நிற்க இந்த ஊரில் ஆள் கிடைக்கும். நான் கடித்துப் பார்க்கிறவன்.

தினமும் முதல் ஈட்டில் ஒரு முறுக்கை எடுத்து ஆற வைப்பேன். நன்றாக ஆறிய பிறகு முன்பல்லால் கடிப்பேன். சூட்டில் எல்லா முறுக்கும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். ஆறின பிறகும் சில முறுக்கு ஏமாற்றும். வெளியே நன்றாகச் சிவந்திருக்கும், கையால் ஒடித்தால் சட்டென்று ஒடியும், உள்ளே ஈரம் நின்றிருக்கும். முன்பல்லுக்கு மட்டும் அது தெரியும். கடிக்கும்போது கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். தலைமுடி அளவு. இழுப்பு இருந்தால் மாவை இன்னொரு முறை வறுக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் பாக்கெட்டுக்குள்ளேயே நமுத்துவிடும். கடைவாய்ப் பல்லுக்கு இதெல்லாம் தெரியாது. அது எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடும்.

முதலாளி எங்கள் ஊர்ப் பக்கம்தான், திருநெல்வேலிக்குத் தெற்கே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். புகையிலை போட்டுப் போட்டு அவர் பல் எல்லாம் போய்விட்டது. மேலும் கீழும் செட்டுப் பல். சோறு தின்பார், கறி தின்பார், முறுக்கும் தின்பார். ஆனால் நல்ல முறுக்கும் கெட்ட முறுக்கும் அவருக்கு ஒன்றுதான். அதை அவர் மறைத்ததில்லை. கடைக்காரர்கள் யாராவது மாடி ஏறி வந்தால் என்னைக் காட்டிச் சொல்வார்.

“என் வாயில இருக்கது பூரா பிளாஸ்டிக். எனக்குப் பல்லு இவருதாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு சட்டியைப் பார்ப்பேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு. வேறு எதற்கும் என்னை யாரும் கைகாட்டிச் சொன்னதில்லை.

போன வருஷம் ஏப்ரலில் முகம் வழிக்கும்போது பல்லில் ஒரு புள்ளி பார்த்தேன். மேல்வரிசை முன்பல் இரண்டில் வலது பக்கத்துப் பல். ஈறுக்குப் பக்கத்தில், ரோஜா நிறத்தில், மிளகு அளவு. ஏதோ சாயம் என்று விரலால் தேய்த்தேன். போகவில்லை. உப்பு வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. வலி இல்லை. விட்டுவிட்டேன்.

அந்தப் பல்லுக்காக நான் டாக்டரிடம் போயிருக்கவே மாட்டேன். கடைவாயில் வேறு ஒரு பல் குத்தியது, அதற்காகப் போனேன். பட்டறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நடுநடுவே இந்தி வரும். கடைவாய்ப் பல்லை அடைத்து முடித்துவிட்டு, சும்மா ஒரு பார்வை பார்ப்பது போல என் மேலுதட்டைத் தூக்கினார். தூக்கின விரலை எடுக்கவில்லை.

எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் என் பல்லைக் காட்டினார். ஈறுக்குள் பல் இறங்குகிற இடத்தில் கருப்பாக ஒரு பள்ளம். எலி கரம்பிய சோப்பு மாதிரி இருந்தது.

“பூச்சி இல்ல அங்கிள், சொத்தையும் இல்ல. உங்க ஒடம்பே இந்தப் பல்லோட வேரைக் கரைச்சிட்டு இருக்கு.”

எனக்கு அது பிடிபடவில்லை. என் உடம்பு ஏன் என் பல்லைத் தின்ன வேண்டும்? சரியாகச் சொல்ல முடியாது என்றார். பழைய அடி ஏதாவது இருந்தால் இப்படி ஆகும், பல வருஷம் கழித்துக்கூட ஆகும் என்றார். அடி பட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து படி இறங்கும்போது ஞாபகம் வந்தது. பட்டறைக்கு வந்த புதிதில் முறுக்கு பிழிகிற மெஷினின் கைப்பிடி எகிறி வாயில் அடித்தது. இரண்டு நாள் உதடு வீங்கிக் கிடந்தது. பல் ஆடி, பிறகு தானாக நின்றுவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. டாக்டர்கள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

என்ன வேலை என்றும் கேட்டார். ஃபேக்டரி என்றேன். முறுக்கு கடித்துப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அண்ணாச்சி சொன்னால் பெருமையாக இருக்கிறது. என் வாயால் சொன்னால் அது ஒரு வேலை மாதிரியே இல்லை.

பல்லை என்ன செய்யலாம் என்று நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒன்றும் செய்யாமல் விட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கரைவது சிலருக்கு நின்றுவிடும், சிலருக்கு நிற்காது. ஈறைக் கீறித் திறந்து, கரைந்த இடத்தைச் சுரண்டி அடைக்கலாம். நரம்பையும் எடுக்க வேண்டி வரும். அப்படிச் செய்தால் இரண்டு வருஷம் வரலாம், பத்து வருஷமும் வரலாம், அவரால் சொல்ல முடியாது. அதெல்லாம் வேண்டாம் என்றால் பிடுங்கிவிட்டு எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் செலவு கூடியது. பிரிட்ஜ் என்று ஒன்று சொன்னார், அதற்குப் பக்கத்தில் நிற்கிற நல்ல பல் இரண்டையும் ராவ வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பல் செய்த தப்புக்கு மற்ற இரண்டு என்ன செய்யும்? கழற்றி மாட்டுகிற பிளேட்டும் உண்டு என்றார். பிளேட் என்றதும் அண்ணாச்சி குழாயடியில் பல்லைக் கழற்றிக் கழுவுவதுதான் கண்ணில் வந்தது.

அவசரம் இல்லை, ஆனால் ரொம்ப நாள் விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நான் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டு இன்னொன்று சொன்னார்.

“முன்பல்லால ஹார்டா எதுவும் கடிக்கக் கூடாது. சம்ஜே, புரிஞ்சுதா?”

சரி என்றேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். இது என்ன, பல்லுக்கு மருதாணி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், ஒற்றைப் பல்தானே என்றாள். பிடுங்கினால் முன்னால் ஓட்டையாகத் தெரியுமே என்றேன். நீங்கள் சிரித்து யார் பார்த்தார்கள் என்றாள். அது உண்மைதான். அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. என்ன சொல்வது? இனிமேல் என்னால் கடிக்க முடியாது அண்ணாச்சி. அப்படியானால் நீர் எதற்கு என்று அவர் கேட்க மாட்டார். ஆனால் நினைப்பார். நானே நினைத்தேனே.

அடுத்த நாளிலிருந்து கையால் ஒடிக்க ஆரம்பித்தேன். ஆறின முறுக்கை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பேன். ஒரு துண்டைக் கடைவாயில் போட்டு மெல்லுவேன். பிறகு கடித்தவன் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி, சரி என்பேன். அந்த வாய் துடைப்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. பொய் சொல்வது ஒரு பக்கம். அதற்கு நடிப்பு வேறு.

முதலில் பக்கத்துப் பல்லால் கடித்துப் பார்க்கலாம் என்று ஒரு தடவை முயன்றேன். கெட்ட பல் அதிர்ந்தது. வலிக்கவில்லை. ஆனால் படத்தில் பார்த்த அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது. அதோடு விட்டேன்.

ஏப்ரல், மே வெயில் நாட்கள். அரிசி நன்றாகக் காய்ந்து மாவு பொலபொலவென்று வரும். எதை ஒடித்தாலும் சரியாகவே இருந்தது. ஜூனில் மழை வந்த பிறகும், கோடையில் காய்ந்த அரிசி ஆகஸ்ட் வரைக்கும் வந்தது. பல் இல்லாமலே எனக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சப்பாத்தியைக் கிழித்து ஓரமாகப் போட்டுக்கொள்வேன். ஆப்பிளைச் சீவித் தரச் சொல்வேன். ஒரு நாள் வீட்டுக்காரி கேட்டாள்.

“ஏன் இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திங்கிய? ஒங்க தட்டுல இருந்து நான் பிடுங்கவா போறேன்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

பட்டறையில் மாவு பிசைகிறவள் பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறாள். ஆண்டாப் ஹில்லில் இருந்து பஸ்ஸில் வருவாள். என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன். இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அவள் பிசைவாள், நான் சுடுவேன். மாவைக் கையில் எடுத்ததுமே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு என்னைப் பார்ப்பாள்.

ஆகஸ்டில் கோகுலாஷ்டமி ஆர்டர் வந்தது. மாட்டுங்காவில் ஒரு பலகாரக் கடை வருஷா வருஷம் எங்களிடம் வாங்கும். அங்கே பாலக்காட்டுக் குடும்பங்கள் நிறைய. வீட்டில் சுட முடியாத மாமிகள் அந்தக் கடையில் முறுக்கும் சீடையும் சொல்லி வைப்பார்கள். சாமிக்கு வைக்கிறது என்பதால் அந்த ஆர்டருக்குத் தனி முறை. அடுப்பைக் கழுவ வேண்டும், புது எண்ணெய் டின் உடைக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். முக்கியமாக, அதில் ஒன்றைக்கூட யாரும் வாயில் வைக்கக் கூடாது. பூஜை முடிகிற வரைக்கும் எச்சில் படக் கூடாது. அதனால் முதல் நாளே அந்த மாவில் ஒரு பிடி எடுத்து, தனியாக ஒரு சின்னச் சட்டியில் சுட்டு, ஆற வைத்து நான் கடித்துப் பார்ப்பேன். அந்த ஒரு கடியை நம்பித்தான் மொத்த ஆர்டரும் போகும். அதற்குப் பிறகு கடையிலும் யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். வீட்டிலும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வாரமாக விடாத மழை. அரிசி ஃபேன் காற்றில்தான் காய்ந்தது. அந்த வாரம் பல் துலக்கும்போது எனக்கு ஈறில் ரத்தம் வேறு வந்தது.

மாவைத் தொட்டதுமே தங்கச்சி சொன்னாள், கையில் ஒட்டுகிறது, இன்னொரு வறுப்பு வறுத்துவிடலாமா என்று. அத்தனை மாவையும் திரும்ப வறுப்பது அரை நாள் வேலை. மறுநாள் மத்தியானம் டெம்போ வந்துவிடும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சின்னச் சட்டியில் ஒன்று சுட்டேன். ஆற வைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி ஒடித்தேன். சட்டென்று ஒடிந்தது. கடைவாயில் போட்டு மென்றேன். நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது.

கடித்திருக்கலாம். ஒரே ஒரு கடி. பல் போனால் போகட்டும் என்று கடித்திருக்கலாம். மீதி முறுக்கு கையில்தான் இருந்தது. வாய் வரைக்கும் கொண்டுபோனேன்.

“கடிச்சியளா அண்ணே?”

பின்னால் நின்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படிக் கேட்டதில்லை.

“கடிச்சேன். சரியாத்தான் இருக்கு. பிசை.”

அவள் போய் உட்கார்ந்து மாவில் கையை வைத்தாள்.

அஷ்டமிக்கு மறுநாள் கடைக்காரர் போன் பண்ணினார். அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பட்டறை முழுக்கக் கேட்டது. கடைக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஒரு மாமி வந்து சொல்றா, கிருஷ்ணன் பாவம், ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டார், நாங்க மனுஷா, எங்களால மெல்ல முடியலன்னு.”

சாயங்காலம் டப்பாக்கள் திரும்பி வந்தன. தீபாவளி ஆர்டரை யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணாச்சி ஒரு டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். மென்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீரு கடிச்சுச் சொல்லும்.”

கடிக்கத் தேவையிருக்கவில்லை. விரலால் வளைத்தேன். வளைந்தது.

நமுத்திருக்கிறது என்றேன். முதல் நாள் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவர் யோசித்தார். ஒரு பிடி மாவில் சுட்டது நன்றாக இருந்தால், பிறகு மொத்தமாகப் பிசைந்ததில்தான் தண்ணீர் கூடியிருக்க வேண்டும். அப்படித்தான் கணக்கு வரும். நான் சொன்னது உண்மை என்றால் அதுதான் சரியான கணக்கு.

அவள் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் குரல் தாழ்த்திச் சொன்னார்.

“நீ கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாத்துக்க தாயி.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், பார்த்தாள் என்று. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குழாயில் கையைக் கழுவினாள். நகத்துக்குள் இருந்த மாவைக்கூட நிதானமாக எடுத்துக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாவுக்கு ஒரு புது ஆள் வந்தார். பயத்தில் நான் எல்லா மாவையும் கூடுதலாகவே வறுக்கச் சொன்னேன். இப்போது முறுக்கு கல் மாதிரி வந்தது. அதையும் ஒடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. மாவுக்காரி வேலைக்கு வரவில்லையாமே என்று வீட்டுக்காரி கேட்டதற்கு, உடம்பு சரியில்லை போல என்றேன். ஒரு பொய்யைத் தாங்க இன்னொன்று வேண்டியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பல்லால்தான் என்று வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள். செப்டம்பரில் அவளே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். புள்ளி பட்டாணி அளவுக்கு ஆகியிருந்தது.

டாக்டரம்மா படம் எடுத்து, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பள்ளம் பெரிதாகியிருந்தது எனக்கே தெரிந்தது. இன்னும் விட்டால் அடைக்க இடம் இருக்காது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். முன்பல்லால் கடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. எல்லோரும் மறந்து கடித்துவிடுவார்கள் என்றார்.

அப்போது சொன்னேன். என் வேலையே கடிப்பதுதான் என்று. அடி பட்டதையும் சொன்னேன். முறுக்கு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அஞ்சு மாசமா வேலைய எப்படிப் பண்ணீங்க, அங்கிள்?”

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். மேலே அந்த விளக்கு. வீட்டுக்காரி ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை விட்டுவிட்டு, எந்தப் பல் வைத்தால் எனக்குப் பழையபடி தெரியும் என்று கேட்டேன். இழுப்பைப் பற்றிச் சொன்னேன். தலைமுடி அளவு என்று விரலால் காட்டினேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு ஜவ்வு இருக்கிறதாம். நான் சொல்கிற இழுப்பு அதில்தான் தெரியுமாம். ஸ்க்ரூவுக்கு அந்த ஜவ்வு கிடையாது. அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கடிக்கலாம். ஆனால் அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. என் பல்லையே அடைத்து வைத்துக்கொண்டால் ஜவ்வு இருக்கும், தெரியும். ஆனால் அந்தப் பல்லால் கடினமானது எதையும் கடிக்கக் கூடாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றில் கடிக்கலாம், தெரியாது. இன்னொன்றில் தெரியும், கடிக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் என் வேலை போய்விட்டது. அது ஏப்ரலிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரி கேட்டாள், அந்த மாவுக்காரி நின்றது இதனாலா என்று. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. முன்னால் நடந்து போனாள்.

தங்கச்சி எங்கே வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தேன். தாராவியிலேயே, பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற ஒரு கொட்டகையில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் போனேன். வாசலில் குப்பி, டப்பா, மூடி என்று குவியல் குவியலாகக் கிடந்தது. அவள் கையில் துணி சுற்றியிருந்தாள். இரண்டு விரலில் வெட்டு. அந்தக் கையை நான் பதினோரு வருஷம் மாவில்தான் பார்த்திருக்கிறேன்.

என்ன அண்ணே இந்தப் பக்கம் என்று எழுந்து நின்றாள். சொன்னேன். பல்லைச் சொன்னேன், கடிக்காததைச் சொன்னேன். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. இதை இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

“தெரியும்ணே.”

எப்படித் தெரியும் என்றேன்.

“கையால ஒடிச்சா ஒரு சத்தம், பல்லால கடிச்சா ஒரு சத்தம். பதினோரு வருசமா கேக்கேன், தெரியாதா? சித்திரையிலேருந்தே நீங்க கடிக்கல. மாவு நல்லாருந்துச்சு, நான் வாயத் தொறக்கல. அன்னைக்கு மாவு சரியில்ல. அதான் கேட்டேன்.”

அண்ணாச்சி முன்னால் அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை.

“நீங்க சொல்லுவியன்னு நின்னேன்.”

கையில் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டாள். இதை என்னிடம் வந்து சொல்லி என்ன, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மூடிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் போனேன். அண்ணாச்சி குழாயடியில் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். பல் இல்லாத முகத்தோடு நின்று முழுவதையும் கேட்டார். கன்னம் உள்ளே போயிருந்தது, வேறு யாரோ போல இருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினார். செட்டை உதறினார். மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டினார். பிறகுதான் பேசினார்.

“அப்ப அஞ்சு மாசமா நீரும் செட்டுப் பல்லுதானா வே?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்தார். வேலையை விட்டு நிற்கிறேன் என்றேன்.

“அந்தப் பிள்ளைய வெளிய அனுப்புனது நானா, நீரா?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“அப்ப நீரே போய்க் கூட்டிட்டு வாரும்.”

அவள் உடனே வரவில்லை. மாவில் தண்ணீர் கூடவில்லை என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அப்படியென்றால் வருகிறேன் என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். சனிக்கிழமை வந்தாள். பிழிகிறவர்கள், பாக்கெட் போடுகிறவர்கள், புது ஆள், அண்ணாச்சி, எல்லோரும் இருந்தார்கள். நான் சட்டி முன்னால் நின்று சொன்னேன். தண்ணீர் கூடவில்லை, நான்தான் கடிக்காமலே கடித்ததாகப் பொய் சொன்னேன் என்றேன். அவ்வளவுதான். ஒருவர் இருமினார். எனக்குக் காது மடல் எல்லாம் சுட்டது, அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

அண்ணாச்சி மாட்டுங்காவுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை. கடைக்காரர் தீபாவளிக்குப் பாதி ஆர்டர் கொடுத்தார்.

பல்லுக்கு அடைப்புதான் என்று முடிவு செய்தேன். கிளினிக்கில் செய்ய எனக்கு வசதியில்லை, டாக்டரம்மா சர்க்கார் பல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏன் ஸ்க்ரூ வேண்டாம் என்று அவர் கேட்டார். பணத்தைச் சொன்னேன். அது பாதிதான். ஸ்க்ரூ வைத்தால் கடிக்க முடியும். கடிக்க முடிந்தால் நான் திரும்பவும் கடித்துவிட்டு, தெரியாமலே சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னை எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பல் என்றால் கடிக்கவே கூடாது, அது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். யாரையும் ஏமாற்ற வழியில்லை.

ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை போக வேண்டி வந்தது. ஈறைக் கீறினார்கள், சுரண்டினார்கள், அடைத்தார்கள், தையல் போட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு வாரம் கஞ்சி. வீட்டுக்காரி ஆற்றிக் கொடுத்தாள். அப்போதுதான் திரும்பப் பேச ஆரம்பித்தாள், அதுவும் கஞ்சி சூடா இல்லையா என்பது வரைக்கும். இப்போது அந்தப் பல் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, ஈறு ஏறி நீளமாகத் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு படம். போன படத்தில் கரைவது நின்ற மாதிரி இருக்கிறது என்றார்கள். மாதிரி என்றுதான் சொன்னார்கள்.

அண்ணாச்சி இப்போது கடைக்காரர்கள் வந்தால் யாரையும் காட்டுவதில்லை. டீ சொல்லுவார், பேசுவார், அனுப்புவார்.

கடிப்பது தங்கச்சிதான். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. மாவு கையில் தெரிந்தது, இப்போது பல்லிலும் தெரிகிறது. முதல் ஈடு ஆறியதும் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டாள். எல்லோருக்கும் தெரிய நடுவில் நின்று கடிப்பாள். அந்தச் சத்தம் சட்டி வரைக்கும் நன்றாகக் கேட்கும். எனக்குக் கேட்டது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்.

“கடிச்சிட்டேன் அண்ணே.”

குத்தலாகச் சொல்வதில்லை. வேலையில் ஒருவருக்கொருவர் சொல்வது போலத்தான் சொல்கிறாள். நான் சரி என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து சட்டியைப் பார்க்கிறேன்.